‘யானையைக் கட்டி தீனி போடும்’ கணக்கு: பெர்ஃபாமன்ஸ் கார் வாங்கும் முன் மாத பட்ஜெட் போடுவது எப்படி?

62 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். 2021 மார்ச்சில் பிஎம்டபிள்யூ எம்340ஐ கார் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் எக்ஸ்-ஷோரூம் விலை இது. சென்னையை அடுத்த ஆலையிலேயே அசெம்பிள் செய்யப்பட்ட இந்த காரில் 3 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி போதும் என்கிறது நிறுவனம்.

இந்த ரக கார்கள் எல்லோருக்கும் எட்டாக்கனி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிலைமை வேறு. 8, 10 வருடம் ஓடிய ஜெர்மன் கார்கள் ஒரு புது எஸ்யூவி விலைக்கே கிடைக்கின்றன. "அதே காசுல பிஎம்டபிள்யூவே வாங்கிடலாமே" என்ற ஆசை வருவது இங்கேதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வருடம் ஆக ஆக காரின் விலை இறங்கும். அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. 60 லட்சம் ரூபாய் காரை 20 லட்சத்துக்கு வாங்கினாலும், அதற்குப் போடும் பிரேக் டிஸ்க் 60 லட்சம் ரூபாய் காருக்கான பிரேக் டிஸ்க்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த கார்களுக்கு அப்படியே பொருந்தும்.

அப்படியானால் இந்த ரக கார் வாங்கவே கூடாதா? வாங்கலாம். அதற்கு முன் என்ன கணக்கு போட வேண்டும் என்று பார்ப்போம்.

பெர்ஃபாமன்ஸ் கார் என்றால் என்ன?

வேகம், பிக்கப், வளைவில் திரும்பும்போது கிடைக்கும் பிடிமானம் ஆகியவற்றுக்காகவே தயாரிக்கப்படும் கார்கள் இவை. போர்ஷே, ஃபெராரி மட்டும்தான் இந்தப் பட்டியலில் வரும் என்றில்லை. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ, கோல்ஃப் ஜிடிஐ, பிஎம்டபிள்யூ எம் வரிசை, மெர்சிடிஸ் ஏஎம்ஜி, ஆடி எஸ் வரிசை எல்லாமே பெர்ஃபாமன்ஸ் கார்கள்தான்.

இதில் சில மாடல்கள் இந்தியாவுக்கு மிகக் குறைந்த எண்ணிக்கையில் வந்தவை. 2016-ல் வந்த போலோ ஜிடிஐ 99 கார்கள் மட்டுமே. 2020-ல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 245 மாடல் 200 கார்கள். என்ஜின், கியர்பாக்ஸ் பாகங்கள் சில மற்ற மாடல்களோடு ஒத்துப்போகும். ஆனால் பம்பர், கிரில் போன்ற அந்த மாடலுக்கே உரிய பாகங்கள் உடைந்தால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். கார் ஒர்க்ஷாப்பில் நிற்கும் அந்த நாட்களில் ஆபீஸ் போக ஆகும் டாக்ஸி செலவும் பட்ஜெட்டில் சேரும்.

பராமரிப்பு ஏன் இவ்வளவு காஸ்ட்லி?

சாதாரண காரில் கணிசமான காலம் உழைக்கும் பொருட்கள், இங்கே சீக்கிரம் தேய்கின்றன. காரணம் எளிது.

டயர்: பிடிமானத்துக்காக மென்மையான ரப்பரில் தயாரிக்கப்படுகிறது. ரோட்டை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வேகமாகத் தேயவும் செய்யும். சாதாரண கார் டயர் 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உழைத்தால், இதில் 20 முதல் 30 ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்ற வேண்டி வரலாம். பின் டயர் முன் டயரைவிட அகலமாக உள்ள கார்களில் முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு ஆயுளைக் கூட்டவும் முடியாது.

பிரேக்: அதிக வேகத்தில் வரும் கனமான காரை நிறுத்த பெரிய டிஸ்க், பெரிய பேட் தேவை. பல ஐரோப்பிய கார்களில் பேடுடன் சேர்ந்து டிஸ்க்கும் தேயும். இரண்டு முறை பேட் மாற்றினால், ஒரு முறை டிஸ்க்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

என்ஜின் ஆயில்: டர்போ என்ஜினின் வெப்பத்தைத் தாங்க முழு சிந்தெடிக் ஆயில் கட்டாயம். 3 லிட்டர், 6 சிலிண்டர் என்ஜின் என்றால் ஒரு முறைக்கு 6 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நிறுவனம் சொல்லும் கிரேடு ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயில்: பலரும் மறந்துபோவது இதைத்தான். ஆயிலில் நனைந்த இரட்டை கிளட்ச் கொண்ட 6 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்கு 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். பிஎம்டபிள்யூவில் வரும் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ‘ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால், அந்த கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம், 80 ஆயிரம் முதல் 1.2 லட்சம் கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றப் பரிந்துரைக்கிறது. ஆயில் செலவை மிச்சம் பிடித்து கியர்பாக்ஸையே கழற்ற வேண்டிய நிலைக்கு வருவது இப்படித்தான்.

மூன்று உண்டியல் கணக்கு

"சர்வீஸுக்கு வருஷம் இவ்ளோ ஆகும்" என்று ஒரே தொகையாக யோசிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் வருடம் 40 ஆயிரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது வருடம் டயரும் பிரேக்கும் சேர்ந்து வந்து 2 லட்சத்தைத் தாண்டும். அதனால், செலவை மூன்று உண்டியல்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதல் உண்டியல், மாதா மாதம் வரும் செலவு: பெட்ரோல், இன்சூரன்ஸ், பார்க்கிங்.

இரண்டாவது உண்டியல், கிலோமீட்டர் ஓட ஓட வரும் செலவு: டயர், பிரேக், ஆயில், ஸ்பார்க் பிளக், கியர்பாக்ஸ் ஆயில்.

மூன்றாவது உண்டியல், சொல்லாமல் கொள்ளாமல் வரும் செலவு: டர்போ, சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரசர், எலக்ட்ரானிக் கோளாறு.

இரண்டாவது உண்டியலுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் விலையை, அது உழைக்கும் கிலோமீட்டரால் வகுத்துவிடுங்கள். 4 டயர் 1 லட்சம் ரூபாய், 25 ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்றால், கிலோமீட்டருக்கு 4 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் டயருக்கு மட்டும் 4,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். டயர் இன்றைக்குத்தான் புதிதாக மாட்டியது என்றாலும் இந்தத் தொகையை இன்றிலிருந்தே எடுத்து வைக்க வேண்டும்.

மாசம் எவ்வளவு ஆகும்? ஓர் உதாரணக் கணக்கு

செகண்ட் ஹேண்டில் வாங்கிய, 3 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்கான உதாரணம் மட்டுமே. உங்கள் மாடலுக்கான உண்மையான விலையை ஒர்க்ஷாப்பில் விசாரித்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல்: லிட்டருக்கு 10 கி.மீ. மைலேஜ், 100 லிட்டர், லிட்டர் ரூ.101 வீதம் ரூ.10,100

இன்சூரன்ஸ்: ஆண்டுக்கு ரூ.72,000 என்றால் மாதம் ரூ.6,000

வழக்கமான சர்வீஸ்: ஆண்டுக்கு ரூ.48,000 என்றால் மாதம் ரூ.4,000

டயர்: கி.மீ.க்கு ரூ.4 வீதம் ரூ.4,000

பிரேக் டிஸ்க், பேட்: ரூ.90,000, ஆயுள் 45 ஆயிரம் கி.மீ. என்றால் ரூ.2,000

கியர்பாக்ஸ் ஆயில்: ரூ.60,000, 60 ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை என்றால் ரூ.1,000

திடீர் செலவுக்கான சேமிப்பு: ரூ.8,000

மொத்தம் மாதம் ரூ.35,100. ஆண்டுக்கு ரூ.4,21,200. ஒரு கிலோமீட்டர் ஓட்ட 35 ரூபாய் 10 காசு.

இதில் இஎம்ஐ சேரவில்லை. பழைய காருக்கான கடனுக்கு, புது காரைவிட வட்டி பொதுவாக அதிகம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். "இஎம்ஐ கட்ட முடியும்" என்பதை மட்டும் வைத்து கார் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த 35 ஆயிரத்தில்தான்.

பெட்ரோலிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. காரின் பெட்ரோல் மூடியைத் திறந்தால், உள்ளே எத்தனை ஆக்டேன் பெட்ரோல் தேவை என்று ஸ்டிக்கர் இருக்கும். சக்திவாய்ந்த டர்போ என்ஜின்கள் பலவற்றுக்கு 95 அல்லது 98 ஆக்டேன் பரிந்துரைக்கப்படுகிறது. இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் டெல்லியில் அறிமுகமானபோது லிட்டர் 160 ரூபாய். அந்த விலையில் மாதம் 100 லிட்டர் போட்டால், பெட்ரோல் செலவு ரூ.16,000. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உங்கள் கார் தயாரிக்கப்பட்டதா என்பதையும் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

"நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓட்டுவேன்"... செலவு குறையுமா?

ஓரளவுக்கு மட்டுமே குறையும். ஈசிஆரில் வாரம் ஒரு ரவுண்டு என்றால் பெட்ரோல், பிரேக் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால், சில பொருட்களுக்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது, காலண்டர் கணக்குதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என்ஜின் ஆயிலுக்கும் வருடக் கணக்கு உண்டு. நின்றுகொண்டே இருந்தால் பேட்டரி இறங்கும். டயர் ரப்பர் இறுகும். நிறுத்தி வைத்த காரில் எலி ஒயரைக் கடித்துவிட்டால் அது தனிச் செலவு. இன்சூரன்ஸ் பிரீமியமும் நின்ற காருக்கு நிற்காது.

இன்சூரன்ஸில் எங்கே அடி விழும்?

1,500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு, 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் ஆண்டுக்கு ரூ.7,897. இது பெரிய தொகை இல்லை. சொந்த வாகன சேதத்துக்கான பிரீமியமும் அதன் நிபந்தனைகளும்தான் கவனிக்க வேண்டியவை.

தேய்மானம்: சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். பம்பர் முழுக்க பிளாஸ்டிக்தான். மாற்ற 1 லட்சம் ஆனால் பாதி உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். இதைத் தவிர்க்க ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ என்ற கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஆனால், கார் பழசாக ஆக இது கிடைப்பது கடினம். பழைய கார் வாங்குபவர்கள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

டோட்டல் லாஸ்: பழுதுபார்க்கும் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், கார் முழு இழப்பாகக் கருதப்படும். காப்பீட்டு மதிப்பு 12 லட்சம் என்றால், 9 லட்சம் ரூபாய்தான் எல்லை. பார்ட்ஸ் விலை குறையாத காரில் ஹெட்லைட், ரேடியேட்டர், பானட், ஏர்பேக் எல்லாம் சேர்ந்து போனால் 9 லட்சம் என்பது தூரமில்லை. மதிப்பைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தில் சில ஆயிரங்களை மிச்சம் பிடிப்பவர்கள், ஒரே விபத்தில் காரையே இழக்க நேரிடலாம்.

வெள்ளம்: 2015 டிசம்பரையும், 2023 மிக்ஜாம் புயலையும் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் என்ஜினுக்குள் நீர் புகுந்து சேதமானால், சாதாரண பாலிசியில் அந்த க்ளெய்ம் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். ‘என்ஜின் புரொடெக்‌ஷன்’ கூடுதல் பாதுகாப்பு இதற்காகத்தான். பெர்ஃபாமன்ஸ் கார்கள் தரையோடு தாழ்வாக இருப்பவை என்பதால், சென்னையில் இதைத் தவிர்ப்பது ரிஸ்க். தண்ணீர் ஏறிய காரை எந்தக் காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யாமல், டோ செய்து எடுத்துச் செல்ல வேண்டும்.

ரேஸ் டிராக்: இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சொந்த காரை ஓட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் ஏற்படும் சேதத்தை சாதாரண பாலிசி ஏற்காது. அதேபோல, பவரைக் கூட்ட ஈசியுவில் மாற்றம் செய்தால் வாரண்டி கிடைப்பது சிக்கலாகும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்மையும் பாதிக்கும்.

வெளிமாநில வண்டி லாபமா?

டெல்லி தலைநகர் பகுதியில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வாகனங்களுக்கு எதிரான கட்டுப்பாடுகள் காரணமாக, அங்கே பழைய சொகுசு கார்கள் மலிவாகக் கிடைப்பதாக விளம்பரங்களைப் பார்க்கலாம். ஆனால், வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வாகனம் 12 மாதங்களுக்கு மேல் இங்கே இருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி வேண்டும். தமிழ்நாட்டில் சாலை வரியும் கட்ட வேண்டும்.

2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புது கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். பழைய காருக்கு அதன் வயதுக்கேற்ப இது குறையும் என்றாலும், தொகை சிறியதாக இருக்காது. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். ஆனால், அந்தப் பணம் வரும் வரை இரண்டு மாநில வரியையும் சுமப்பது நீங்கள்தான். டெல்லி விலையையும் சென்னை விலையையும் ஒப்பிடும்போது வரி, போக்குவரத்து, என்ஓசி அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

என்ஜின் சூடாக இல்லாதபோது ஸ்டார்ட் செய்து பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் மட்டும் வரும் சத்தமும் புகையும் தெரியாது.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் என்றால், 4 டயருக்கான பணத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த கோடு தெரிந்தாலோ, சீட்டுக்கு அடியில் இரும்பு துருப்பிடித்திருந்தாலோ அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்க வாய்ப்புண்டு. அத்தகைய காரில் எலக்ட்ரானிக் கோளாறு எப்போது எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றப்பட்டதா என்பதை அதில் குறிப்பாகத் தேடுங்கள். வாகன் இணையதளத்தில் கடன் பாக்கி, செலுத்தாத அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டி, முழுமையாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய் வீண் செலவில்லை. "ஸ்கேன் எல்லாம் வேணாம் சார், வண்டி கண்டிஷன்" என்று விற்பவர் மறுத்தால், அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

செலவைக் குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. வாரண்டி காலம் முடிந்த கார்களுக்கு, ஐரோப்பிய கார்களை மட்டுமே பார்க்கும் தனியார் ஒர்க்ஷாப்கள் பெரிய நகரங்களில் உள்ளன. கார் நிறுவனங்களுக்கு உதிரிபாகம் தயாரித்துக் கொடுக்கும் போஷ், இசட்எஃப் போன்ற நிறுவனங்கள், பல பாகங்களைத் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. கார் நிறுவனத்தின் லோகோ இல்லாத அட்டைப்பெட்டி என்பதால் விலை குறையும். ஆனால், பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் போலி பார்ட்ஸ் பக்கம் போகவே கூடாது. குறிப்பாக பிரேக்கில்.

வாரண்டி இன்னும் மீதமுள்ள கார் என்றால், அது முடிவதற்குள் நீட்டிக்கப்பட்ட வாரண்டி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவது உண்டியலின் பெரும் பாரத்தை அது சுமக்கும்.

குறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. டயர், பிரேக், ஆயில். 387 குதிரைத்திறன் கொண்ட காருக்கு மலிவான டயர் போட்டு ஓட்டுவது உங்கள் உயிரோடு மட்டும் விளையாடும் விஷயமில்லை. எதிரே பைக்கில் வரும் குடும்பத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

எப்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும்?

மூன்றாவது உண்டியலில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வழி: நீங்கள் பார்த்திருக்கும் மாடலில் பழுதாகக்கூடிய, விலை அதிகமான ஒரு பாகம் எது என்று ஒர்க்ஷாப்பில் கேளுங்கள். கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு யூனிட்டாக இருக்கலாம், டர்போவாக இருக்கலாம். அதை மாற்ற 3 லட்சம் ஆகும் என்றால், கார் வாங்கிய மறுநாள் உங்கள் வங்கிக் கணக்கில் அந்த 3 லட்சம் இருக்க வேண்டும். வீட்டு மருத்துவச் செலவுக்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்திருக்கும் பணம் இதில் சேராது.

கையில் 25 லட்சம் இருந்தால் 25 லட்சத்துக்குக் கார் தேடாமல், 21 அல்லது 22 லட்சத்துக்குள் தேட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அந்த மீதிப் பணத்தை ஒதுக்க முடியாவிட்டால், அந்த காரை வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு ஒத்திகையும் பார்க்கலாம். இஎம்ஐ தொகையோடு, உங்கள் மாடலுக்குப் போட்ட மாதச் செலவையும் சேர்த்து, ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். வீட்டுச் செலவில் கை வைக்காமல் அதைச் செய்ய முடிந்தால், கார் உங்களுக்குக் கட்டுப்படியாகும். அந்த ஆறு மாதச் சேமிப்பே மூன்றாவது உண்டியலின் முதல் பணமாகவும் இருக்கும். மூன்றாவது மாதமே மூச்சு திணறினால், ஒரு சர்வீஸ் பில்கூட வராமலேயே விஷயம் தெரிந்துவிட்டது என்று நிம்மதியடையலாம்.